பேராசிரியர்களுக்குப் பெரட்டு எடுத்த நாள்

போன வாரம் ஷர்மிளாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு ஆய்வு மையத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"அக்கா, மூணு மையமும் அக்ரிமெண்ட புதுப்பிக்கிறாங்க. நாலாவதா மொரீஷியஸ்லேர்ந்து ஒரு மையம் சேரப் போவுது. அந்தப் பதினோராவது பிரிவு இருக்குல்ல, அத யாரு எழுதுனதுன்னு அவங்க கேக்கறாங்க. எங்களுக்கும் அதே மாதிரி வேணுமாம். இங்க யாருக்கும் தெரியல லா. ஃபைல்லயும் இல்ல. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியுமாவாம்! ஜொகூரில், தெப்ராவில் என் வீட்டு அடுக்களையில் கரண்டியும் கையுமாக நின்று தனியாகச் சிரித்தேன். கூடத்திலிருந்து என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்னா பிலோ, ஓய்வூதியம் கூட்டிட்டாங்களா?" என்றார். அதைவிடப் பெரிய விஷயம் என்றேன். அந்தப் பிரிவு ஒரே ஒரு வரிதான். ஆனால் அது வந்த கதையைக் குரல் செய்தியில் சொன்னால் ஷர்மிளாவின் கைத்தொலைபேசி சூடாகி வெடித்துவிடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். பெயர் பிலோமினா. பல்கலைக்கழகத்தில் வாசல் காவலரிலிருந்து துணைவேந்தர் வரை எல்லாருக்கும் 'காக் பிலோ', அதாவது பிலோ அக்கா. சிம்பாங் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். குளுவாங்கில் தட்டச்சு படித்தேன். அப்படியே பல்கலைக்கழகத்தில் தட்டச்சாளராகச் சேர்ந்து, பொறியியல் துறையின் தேர்வுத் தாள்களை ஒரு சூத்திரமும் புரியாமல் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன். பிறகு ஒருநாள், புதிதாகத் திறந்த பின்காலனிய ஆய்வு மையத்துக்கு மாற்றினார்கள். அந்த மையத்துக்குப் போக வேறு யாரும் சம்மதிக்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

அங்கே இயக்குநர் பேராசிரியர் சாலேஹா. மூவாரில் பிறந்த மலாய்க்காரர். சின்ன உருவம், பெரிய கண்ணாடி. பின்காலனியம் என்றால் என்ன என்று முதல் நாளே கேட்டுவிட்டேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி தட்டச்சு செய்ய எனக்கு வராது. "வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள். அவர்களோடு எதெல்லாம் போகவில்லை என்று பார்ப்பதுதான் நம் வேலை," என்றார் அவர். அவ்வளவுதானா, நானே ஒரு பட்டியல் தரலாமே என்று நினைத்துக்கொண்டேன்.

அவரிடம் வேலை பார்ப்பது லேசில்லை. நான் அடித்துக் கொண்டுபோகும் கடிதம் எதுவானாலும் சன்னலோரம் எழுந்து நின்று வாய்விட்டுப் படிப்பார். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் படிப்பார். எங்கே மூச்சு முடிகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. "காக் பிலோ, என் மூச்சு நின்ற பிறகும் உங்கள் வாக்கியம் போய்க்கொண்டே இருக்கிறது," என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆரம்பத்தில் என் கடிதங்கள் சரக்கு ரயில் மாதிரி இருக்கும். எரிச்சலாக வரும். கழிவறையில் போய் நின்று அவரைத் திட்டியிருக்கிறேன். ஆறு மாதத்தில் நானே தட்டச்சு செய்யும்போது மூச்சைப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

இன்னொரு விதியும் இருந்தது. கூட்டங்களில் குறிப்பெடுப்பது நான். ஒவ்வொரு பொருளும் பேசி முடிந்ததும், அடுத்ததற்குப் போகுமுன், யார் என்ன சொன்னார் என்று நான் வாசித்துக் காட்ட வேண்டும். 'கருத்து தெரிவிக்கப்பட்டது' என்று எழுதினால் போச்சு. "யார் தெரிவித்தது? அது தானாக மரத்திலிருந்து விழுந்ததா?" என்பார். சொன்னவர் பெயர் இல்லாமல் ஒரு வாக்கியம்கூடக் குறிப்பில் இருக்கக் கூடாது. இத்தனை வருடத்தில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் பெயரில் நான் எழுதியதே கிடையாது, ஒரே ஒரு தடவையைத் தவிர. அந்தத் தடவையைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

மூன்று பல்கலைக்கழகங்களின் மையங்கள் சேர்ந்து ஒரு குரல் காப்பகம் உண்டாக்குவது என்று முடிவானது. தோட்டங்களில் வேலை பார்த்தவர்களின் பேச்சைப் பதிவு செய்து, எழுத்தாக்கி, யாரும் கேட்கும்படி இணையத்திலும் ஒரு கண்காட்சியிலும் வைப்பது. ஜொகூர்த் தோட்டத்து ஆட்களை நாங்கள் பதிவு செய்வோம். இங்கிருந்து ஊர் திரும்பிவிட்டவர்களைத் தமிழ்நாட்டு மையம் பார்த்துக்கொள்ளும். இங்கே துரைமாராக இருந்தவர்களின் குடும்பங்களையும் கடிதங்களையும் இங்கிலாந்து மையம் தேடி எடுக்கும்.

மூன்று இடத்துக்கும் பொதுவாக ஒரு விதி. பேசியவர்களின் பெயர் எங்கும் வரக் கூடாது, குறியீடுதான் வர வேண்டும். இங்கிலாந்து மையத்தில் இதற்கென்றே ஒரு நெறிக் குழு இருந்தது. அதன் தலைவர் பேராசிரியர் ஹெலன். பேசியவர்களுக்குப் பின்னால் தொல்லை வந்துவிடக் கூடாது என்பது அவர்கள் கவலை. குறியீட்டு முறையை வகுத்துத் தரும் வேலை எனக்கு வந்தது. நானும் பெருமையாகச் செய்தேன். ஜொகூருக்கு ஜெ, தமிழ்நாட்டுக்குத் த, இங்கிலாந்துக்கு இ. அதன் பக்கத்தில் ஓர் எண். மூன்று நாட்டிலும் என் முறையைப் பாராட்டினார்கள். ஒரு வாரம் காற்றில் நடந்தேன்.

பேச்சை எழுத்தாக்கியதும், பேசியவருக்கே ஒரு படி அனுப்பி, சரிதானா என்று கேட்பது எங்கள் வழக்கம். அனுப்பிய நாலாம் நாள் காலை, வாசல் காவலர் என்னைக் கூப்பிட்டார். "காக், இந்திய அம்மா ஒருத்தர் வந்திருக்கிறார். உங்கள் பெயரைச் சொல்கிறார். கோபமாக இருக்கிறார். நான் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்கிறார்."

அஞ்சலையக்காவை நான் அப்படித்தான் முதன்முதலில் பார்த்தேன். எழுபது வயதைத் தாண்டியவர். செனாயில் மகளோடு அடுக்குமாடி வீட்டில் இருந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் பிளாஸ்டிக் பை, அதற்குள் நான் அனுப்பிய தாள்கள்.

"நீதான் பிலோமினாவா?"

"ஆமாங்கக்கா. உக்காருங்க. தே ஓ போடட்டுமா?"

"தே ஓ கெடக்கட்டும். இது யாரு?" தாளின் உச்சியில் விரலை வைத்தார். ஜெ-17.

"அது நீங்கதாங்கக்கா."

"நான் அஞ்சலை."

"தெரியுங்கக்கா. உங்க பேரு வெளிய தெரியக் கூடாதுன்னுதான்..."

"ஏன் தெரியக் கூடாது? எவன் வீட்டு கோழியவாச்சும் புடிச்சிட்டு ஓடுனனா? சரி, அது இருக்கட்டும். இங்க படி. சத்தமா படி."

படித்தேன். "எங்கள் லயத்துக்கு எதிரே நபர் ஒன்பது இருந்தார். வெள்ளிக்கிழமையானால் நபர் ஒன்பதுக்குச் சுருட்டும் எலுமிச்சம் பழமும் வைப்போம். நபர் ஒன்பது கையில் அரிவாளோடு குதிரை மேல் உட்கார்ந்து..."

"அலமாக்!" என்று என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"முனீஸ்வரரு! சாமிக்கே நம்பர் போட்டு வச்சிருக்கீங்களே, நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா?"

நடந்தது இதுதான். பேச்சுக்குள் வரும் ஆட்களின் பெயர்களையும் எடுத்துவிட வேண்டும் என்று விதி. நான் எல்லாப் பெயர்களையும் ஒரு பட்டியலாகப் போட்டு, கணினியில் ஒரே தட்டில் மாற்றினேன். அஞ்சலையக்கா முனீஸ்வரரைப் பற்றிப் பேசும்போது பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசியிருந்தார். அவசரத்தில் அவரும் பட்டியலில் ஏறிவிட்டார். தோட்டத்தில் வளர்ந்தவள் நான். அரிவாளைப் பார்த்ததுமே தெரிந்திருக்க வேண்டாமா? மாதாவையும் சூசையப்பரையும் நம்பராக்க என் கை போயிருக்குமா? வெட்கமாகப் போய்விட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதன் பிறகுதான் உட்கார்ந்தார். பால் விடாத தேநீரான தே ஓவும் குடித்தார். குடித்துக்கொண்டே சொன்னார்.

"நானும் எங்க வீட்டுக்காரரும் ஒண்ணாதான் மரம் வெட்டப் போவோம். பாதி நெரை அவரு, பாதி நெரை நான். செக்ரோல்ல கோவிந்தன்னு ஒரு பேருதான் இருக்கும். பெரட்டுல அவரு பேர கூப்பிடுவாங்க. அவரு இருக்கேன்னு சொல்லுவாரு. நான் வாளிய புடிச்சிக்கிட்டு பின்னாடி நிப்பேன். அவரு போனப்புறம் ஃபேக்டரி கேண்டீன்ல வேல கேட்டேன். முன்னாடி வேல செஞ்சதுக்கு லெட்டர் கொண்டான்னாங்க. தோட்டத்து ஆபிசுக்கு போனேன். கிராணி பொஸ்தகத்த பூரா பொரட்டிட்டு, உன் பேரு எங்கயும் இல்லியேம்மா, நீ வேல செஞ்சதா எப்புடி எழுதறதுன்னாரு."

மரம் வெட்டுவது என்றால் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பது. செக்ரோல் என்றால் வேலையாட்களின் பெயர்ப் பதிவேடு, அதை வைத்திருக்கும் எழுத்தர்தான் கிராணி. பெரட்டு என்றால், விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி அந்தப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவது. இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பதிவேட்டில் இல்லாதவர் பெரட்டில் எங்கே நிற்பார் என்று அதுவரை நான் யோசித்துப் பார்த்ததில்லை.

"ஒங்க ஆளுங்க வந்து ரெண்டு நாளு பேசச் சொன்னாங்க. பேசுனேன். இந்த வாட்டியாச்சும் ஒரு தாள்ல என் பேரு ஏறும்னு நெனச்சேன். நீங்களும் நம்பர்தான் போடுவீங்கன்னா, என் பேச்ச திருப்பிக் குடுத்துரு. நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

காலிப் பிளாஸ்டிக் பையை என் முன்னால் விரித்துப் பிடித்தார். வாங்கிக்கொண்டு போகவே பையோடு வந்திருந்தார்.

அவரை மத்தியானம் வரை இருக்கச் சொல்லி, சாப்பிட வைத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்து, பேராசிரியர் சாலேஹாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுத்தின் மலாய் மொழிபெயர்ப்பை வாங்கி, வழக்கம்போல எழுந்து நின்று வாய்விட்டுப் படித்தார். நபர் ஒன்பது குதிரை ஏறிய இடத்தில் சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் படிக்கும்போது உட்கார்ந்ததை நான் பார்த்ததே அன்றுதான். பிறகு, பதிவிலும் அந்த அம்மா சொல்லியிருந்த, கிராணி புத்தகத்தைப் புரட்டிய இடம் வந்தது. படிப்பதை நிறுத்தினார்.

"இதை யார் சொன்னது?"

"ஜெ-17, புரோஃப்."

"யார் சொன்னது, காக் பிலோ?"

"அஞ்சலை."

"அப்படியானால் அப்படியே எழுதுங்கள்."

எழுதலாம்தான். ஆனால் ஒப்பந்தப்படி மூன்று மையத்தில் ஒன்று மறுத்தாலும் காப்பகத்தைத் திறக்க முடியாது. இங்கிலாந்துக்கு எழுதினோம். பேராசிரியர் ஹெலனின் பதில் மரியாதையாக, நீளமாக, மூன்று மூச்சுக்கு வந்தது. சாரம், முடியாது. ஒருவருக்குப் பெயர் போட்டால் விதி உடைந்துவிடும் என்றார்.

இதற்குள் அஞ்சலையக்கா சும்மா இருப்பாரா? அவர் தோட்டத்து ஆட்கள் பன்னிரண்டு பேர் எங்களிடம் பேசியிருந்தார்கள். எல்லாருக்கும் போன் போட்டுவிட்டார். ஒவ்வொருவராக என்னைக் கூப்பிட்டு, "எங்க பேச்சையும் குடுத்துருங்க மேடம்," என்றார்கள். அவர்கள் போய்விட்டால் ஜொகூர்ப் பகுதியில் பாதி காலி. திறப்பு விழாவுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. அழைப்பிதழ்கூட அச்சுக்குப் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து இங்கிலாந்திலிருந்து துரைமார் குடும்பத்துக் கடிதங்களின் பட்டியல் வந்தது. பழைய கடிதங்கள் ஏற்கெனவே அச்சில் வந்தவையாம், அதனால் விதி அவற்றுக்குப் பொருந்தாதாம். துரை பெயர், துரைசானி பெயர், அவர்கள் வளர்த்த நாய் ரெக்ஸின் பெயர், எல்லாம் முழுசாக இருந்தது. நான் அந்தத் தாளைப் பேராசிரியர் சாலேஹாவின் மேசையில் வைத்து, ரெக்ஸுக்குக் கீழே மட்டும் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். அவர் பார்த்தார். கோட்டின் மேல் இன்னொரு கோடு போட்டார்.

அடுத்த இணையக் கூட்டத்துக்கு நாள் குறித்தோம். "நாம் பேச வேண்டாம். அந்த அம்மாவே வந்து கேட்கட்டும்," என்றார். "புரோஃப், அவருக்கு ஆங்கிலம் தெரியாதே," என்றேன். "அதற்குத்தான் நீங்கள் இருக்கிறீர்களே," என்றார். அதுவரை கூட்டங்களில் நான் குறிப்பை வாசித்திருக்கிறேனே தவிர, பேசியதில்லை.

செனாய்க்கு நானே கார் ஓட்டிப் போய் அவரைக் கூட்டி வந்தேன். தீபாவளிப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தார். கூட்ட அறையில் சுவரளவு திரை. நமக்கு மாலை நாலு மணி, தமிழ்நாட்டில் மத்தியானம், இங்கிலாந்தில் காலை. ஒவ்வொரு கட்டமாக முகங்கள் வந்தன. இங்கிலாந்திலிருந்து ஹெலன், அவர் பக்கத்துக் கட்டத்தில் துணைக்கு டேவிட் என்ற இளைய ஆய்வாளர். தமிழ்நாட்டிலிருந்து பேராசிரியர் தணிகாசலமும் இன்னொருவரும். தணிகாசலம் பேசினால் மேடை ஏறியதுபோலத்தான் இருக்கும். "வணக்கம் அம்மையீர், தங்கள் வருகையால் இந்த அவை பெருமையுறுகிறது," என்றார்.

அஞ்சலையக்கா என் காதோரம் சாய்ந்து, "என்னா இவரு, ரேடியோல செய்தி வாசிக்கிற மாதிரியே பேசுறாரு," என்றார். பிறகு திரையை உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, மூஞ்சிக்குக் கீழ என்னமோ எழுதியிருக்கே, அது என்னா?"

"அவங்க பேருங்கக்கா."

"ஓ. அவங்களுக்கெல்லாம் பேரு இருக்கு."

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது. பேராசிரியர் சாலேஹாவுக்கு மலாயில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "அம்மாவுக்கு என்ன செய்தால் சரியாக இருக்கும் என்று கேளுங்கள்," என்றார்.

கேட்டேன். "அவங்க பேர எடுத்துட்டு நம்பர் போடு," என்றார் அஞ்சலையக்கா. "நான் பெரட்டு எடுக்கறேன்."

இணையக் கூட்டத்தை நடத்துபவளுக்கு ஒரு வசதி உண்டு. திரையில் யாருடைய பெயரை வேண்டுமானாலும் மாற்றலாம். மாற்றினேன். ஹெலன் இ-1, டேவிட் இ-2, தணிகாசலம் த-1. எங்கள் இயக்குநரையும் விடவில்லை, ஜெ-1. திரையில் முகங்கள் குழம்பின. இன்றைய கூட்டத்தை இப்படி நடத்த எங்கள் விருந்தினர் விரும்புகிறார், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பேராசிரியர் சாலேஹா ஆங்கிலத்தில் சொன்னார்.

அஞ்சலையக்கா எழுந்து நின்றார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் கூப்பிடும் அதே நீட்டலில், அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டார். "இ ஒண்ணேய்!"

ஹெலன் என்னைப் பார்த்தார். கையைத் தூக்கி இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும் என்றேன். தூக்கினார்.

"இ ரெண்டேய்!" டேவிட் பயந்துபோய் இரண்டு கையையும் தூக்கினான்.

"த ஒண்ணேய்!"

"உள்ளேன் அம்மா!" என்றார் தணிகாசலம், பள்ளிக்கூடத்துப் பையனைப்போல எழுந்து நின்று. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பெரட்டு முடிந்து கூட்டம் தொடங்கியது. பெயர் விவகாரம் மூன்றாவது பொருள். முதலாவது ஏதோ திட்ட அறிக்கை, போய்விட்டது. இரண்டாவது, ஜொகூர் ஆட்களின் மூலப் பதிவுகளை எங்கே வைப்பது என்பது. அதில் ஹெலன் ஒரு நல்ல யோசனை சொன்னார். மூலப் பதிவுகள் பேசியவர்களின் ஊரிலேயே, ஜொகூரிலேயே இருக்க வேண்டும், மற்ற இரு மையங்களும் படி மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார். எல்லாருக்கும் சந்தோஷம். வழக்கம்போல நான் குறிப்பை வாசித்துக் காட்டினேன்.

"மூலப் பதிவுகள் ஜொகூரிலேயே இருக்க வேண்டும் என்று இ-2 முன்மொழிந்தார்."

"நான் சொல்லவில்லையே," என்றான் டேவிட்.

"அது நான் சொன்னது," என்றார் ஹெலன். முகம் சிவந்திருந்தது. "இதற்காக என் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். நான் செய்ததைத் தயவுசெய்து இன்னொருவர் கணக்கில் எழுதாதீர்கள்."

"என்னாவாம்? ஏன் அவங்க மொகம் இப்புடி ஆயிருச்சு?" என்று கேட்டார் அஞ்சலையக்கா.

"அவங்க செஞ்ச வேலைய வேற ஆளு செஞ்சதா எழுதிட்டேனாம். அப்புடி எழுதாதேங்கறாங்க."

அஞ்சலையக்கா திரையைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். "அதத்தாம்மா நானும் சொல்றேன்."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு, கோவிந்தன் என்ற பெயருக்குப் பின்னால் வாளியோடு நின்ற கதையையும் அவர் சொல்லச் சொல்லச் சொன்னேன். பேராசிரியர்கள் முன்னால் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

ஹெலன் கண்ணாடியைக் கழற்றினார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும் என்றுதான் நினைக்கிறேன். பிறகு அவர் தன் பக்கத்தையும் சொன்னார். முன்பு ஓர் ஆய்வில் ஒரு பெண்ணின் பெயர் வெளிவந்து, அவள் சொந்தக்காரர்களே அவளைத் தள்ளி வைத்துவிட்டார்களாம். "அன்றிலிருந்து எனக்குப் பயம்," என்றார்.

அஞ்சலையக்கா அதைக் காது கொடுத்துக் கேட்டார். "அவங்க சொல்றதும் ஞாயந்தான். எங்க தோட்டத்துலயே," என்று ஒருத்தியின் பெயரைச் சொன்னார், "அவ பேர போட்டா அவ மருமவன் வீட்டுல பெரிய சண்ட பண்ணுவான். அவ பேரு வேணாம். ஆனா வேணாம்னு அவதான் சொல்லணும். நீங்க சொல்லக் கூடாது. வேணும்னு நான்தான் சொல்லணும். அதையும் நீங்க சொல்லக் கூடாது." அந்த ஒருத்தியின் பெயரை நான் குறிப்பில் எழுதவில்லை. இங்கேயும் எழுத மாட்டேன்.

தணிகாசலம் மேசையைத் தட்டி, "அம்மா, நாங்கள் நூறு பக்கம் எழுதுவதை நீங்கள் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டீர்கள்!" என்றார். அப்போது அவர் பேச்சில் மேடை இல்லை. இதை ஒப்பந்தத்தில் ஒரு புதுப் பிரிவாக எழுதலாம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். டேவிட் உடனே ஒன்று எழுதி அனுப்பினான். நாலு வரி. பேராசிரியர் சாலேஹா எழுந்து நின்று படித்தார். இரண்டாம் வரியில் மூச்சு போய்விட்டது. அவர் என்னைப் பார்த்தார். அஞ்சலையக்கா சொன்னதையே எழுதிக் கொடுத்தேன். 'பேசியவர் எந்தப் பெயரால் அறியப்பட வேண்டும் என்பதைப் பேசியவரே சொல்வார்.' படித்தார். ஒரே மூச்சு. முடித்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருந்தது என்றார். அது ஒப்பந்தத்தின் பதினோராவது பிரிவானது.

ஹெலன் ஒரு நிபந்தனை சேர்த்தார், அதுவும் நல்ல நிபந்தனை. ஒவ்வொருவரையும் நேரில், அவரவர் மொழியில், இரண்டு வார இடைவெளி விட்டு இரண்டு தடவை கேட்க வேண்டும். அந்த வேலை எனக்கு. செனாயும் சிம்பாங் ரெங்கமுமாக என் பழைய கார் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! என் வேலைக்காலத்திலேயே சந்தோஷமான நாட்கள் அவைதான். ஒருவர் இறந்துபோன அண்ணன் பெயரைப் போடச் சொன்னார். ஒரு பெண் கல்யாணத்துக்கு முன்னால் கூட்டாளிகள் கூப்பிட்ட பட்டப்பெயரைக் கேட்டார். ஒரு தாத்தா, "எனக்குப் பேரு வேணாம், நான் ஓட்டுன லாரி நம்பர் போடுங்க, அதுதான் என்னைய எல்லாருக்கும் தெரியும்," என்று அடம்பிடித்தார். இரண்டு வாரம் கழித்துப் போனேன். அதே நம்பர். போட்டோம். மருமகனுக்குப் பயந்தவர் தனக்குப் பிடித்த ஒரு பூவின் பெயரை எடுத்துக்கொண்டார்.

அந்தக் கூட்டம் முடிந்த மறுநாள் பேராசிரியர் சாலேஹா என் மேசைக்கு வந்து நின்றார். "காக் பிலோ, உங்கள் குறிப்பில் ஆள் மாறியதே இல்லையே. நேற்று எப்படி ஹெலன் டேவிட் ஆனார்?"

"எல்லாம் நம்பரா இருந்துச்சா, கண்ணு மங்கிப்போச்சு புரோஃப்," என்றேன்.

"கண்ணை டாக்டரிடம் காட்ட வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். வேண்டுமென்றேதான் மாற்றி எழுதினேன் என்று இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது ஓய்வு பெற்றாகிவிட்டது, இனி என்னை என்ன செய்ய முடியும்?

ஆக, ஷர்மிளா, பதினோராவது பிரிவை எழுதியவர் அஞ்சலை. மொரீஷியஸ்காரர்களுக்கு அந்தப் பெயரையே அனுப்பு. நானும் அப்போதே இரண்டு தடவை கேட்டுவிட்டேன், போடச் சொன்னார்.

திறப்பு விழாவைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்கிறேன். பன்னிரண்டு பேரும் வாடகை வேனில் வந்து இறங்கினார்கள். ஹெலன் விமானம் ஏறி வந்திருந்தார், தணிகாசலமும்தான். கண்காட்சிக் கூடத்தின் வாசலில் பேராசிரியர் சாலேஹா கையில் பட்டியலோடு நின்றார். பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் உள்ளே வருவோம் என்பது அஞ்சலையக்காவின் ஏற்பாடு. தமிழ்ப் பெயர்களை ஒரு வாரமாக என்னிடம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார் இயக்குநர். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, "இருக்கேன்!" என்று ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். லாரித் தாத்தா தன் நம்பருக்கு ஹாரன் அடிப்பதுபோலப் பதில் சொன்னார்.

"அஞ்சலை!"

பதில் இல்லை. என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். மறுபடியும், "அஞ்சலை!" வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பதறியது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, உங்களத்தான் கூப்பிடுறாங்க. காதுல விழலியா?"

"விழுந்துச்சு," என்றார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முகம் பூராவும் சிரிப்பு. "இன்னொரு வாட்டி கூப்பிடச் சொல்லு."

சொன்னேன். பேராசிரியர் சாலேஹா மூச்சை நன்றாக இழுத்து, அது தீரும்வரை நீட்டி, மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டார்.

"இருக்கேன்!" என்றார் அஞ்சலையக்கா.